கட்சி இல்லாமல் கவுன்சிலர் தேர்தலில் நின்ற கதை: செலவு, விதிகள், வராத வாக்காளர்கள்

சென்னை மாநகராட்சிக்கு 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த தேர்தலில், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பொது வார்டில் எந்தக் கட்சியையும் சாராமல் நின்றேன். தோற்றேன், டெபாசிட்டும் போயிற்று. அன்று பதவியேற்ற மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவதால், அடுத்த முறை நிற்கலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள் இப்போதே வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்பது, பிரச்சாரத்தில் என்ன பேசினால் மக்கள் கேட்பார்கள் என்பதைத்தான். பேசுவதற்கு எனக்குக் கிடைத்த நேரமோ மிகச் சொற்பம். மற்ற நேரமெல்லாம் படிவத்துக்கும் அனுமதிக்கும் பட்டியலுக்கும் ரசீதுக்கும் போயிற்று. அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், ஒரு மாதச் சம்பளத்தையும் பல இரவுகளின் தூக்கத்தையும் மிச்சப்படுத்தியிருப்பேன்.

நான் நின்றதற்குப் பெரிய அரசியல் காரணம் எதுவும் இல்லை. 2011ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது அறிவிக்கப்பட்டிருந்த தேர்தல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் ரத்தானது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் போய்ச் சொல்லக் கவுன்சிலர் என்று ஒருவர் இருக்கவில்லை. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை பார்க்கிற நான், தெருக்காரர்களுக்காக மனு எழுதி எழுதியே அக்கம்பக்கத்தில் ஓரளவு அறிமுகமாகியிருந்தேன். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததும், "நீங்களே நில்லுங்களேன்" என்று நாலு பேர் சொன்னார்கள். சொன்னவர்களில் எத்தனை பேர் பிப்ரவரி மாதத்தில் கூட நின்றார்கள் என்பது வேறு விஷயம்.

வேட்புமனுவிலிருந்து தொடங்குகிறேன். தேர்தல் ஜனவரி 26ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. 28ஆம் தேதி மனுத் தாக்கல் தொடங்கி, பிப்ரவரி 4ஆம் தேதியோடு முடிந்தது. இடையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டால், தனியாக ஓடுகிறவருக்கு இது மிகக் குறைந்த அவகாசம். மாநகராட்சியில் எந்த வார்டின் பட்டியலில் பெயர் இருந்தாலும் வேறு வார்டில் நிற்கலாம். 21 வயது நிறைந்திருந்தால் போதும். ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். அவர் பெயர் பட்டியலில் எந்தப் பாகத்தில் எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்பதைப் படிவத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டும். முன்மொழிவதாக ஒப்புக்கொண்ட ஒருவர், கட்சிக்காரர்களான தம் உறவினர்களின் மனம் கோணும் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதே தெருவில்தான் அவரும் வாழ்ந்தாக வேண்டும். நிற்க நினைப்பவர்கள் முன்மொழிவதற்கு இருவரையாவது மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்துக்கு நோட்டரி கையெழுத்து வேண்டும். அதில் கணவர் பெயரில் உள்ளவையும் வர வேண்டும் என்பதால், வங்கிக் கணக்கு இருப்பு, நகை, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். மாநகராட்சிக்கு வரி பாக்கி இருந்தால் மனுவுக்கே ஆபத்து வரலாம் என்பதால், சொத்து வரி ரசீதை எடுத்து வைப்பதும் அவசியம். எங்கள் வீடு மாமனார் பெயரில் இருந்தது. அவர் பெயரிலிருந்த ஒரு சிறிய பாக்கியை, அது என்னைக் கட்டுப்படுத்துமா என்று விவாதித்துக்கொண்டிருக்காமல் கட்டிவிட்டு ரசீதையும் மனுவோடு இணைத்தேன். டெபாசிட் தொகை மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் அது திரும்பி வரும். எனவே முதல் நாளே அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுவது மனத்துக்கு நல்லது.

சுயேச்சை வேட்பாளரை உண்மையில் அழுத்துவது நாட்காட்டிதான். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளான பிப்ரவரி 7ஆம் தேதிக்குப் பிறகே சின்னம் ஒதுக்கப்படுகிறது. ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால் குலுக்கல் போடுகிறார்கள். நான் முதலில் கேட்ட சின்னம் அப்படித்தான் வேறொருவருக்குப் போயிற்று. பிரச்சாரம் 17ஆம் தேதி மாலை 6 மணிக்கு முடிந்தாக வேண்டும். பல ஆண்டுகளாகச் சுவரிலும் கொடியிலும் மக்கள் பார்த்துப் பழகிய சின்னத்துக்கு எதிரே, யாரும் அறியாத ஒரு சின்னத்தை மனத்தில் பதியவைக்கப் பத்து நாட்கள்தாம். அந்தப் பத்து நாட்களுக்குள் வந்தது ஒரே ஒரு சனி, ஞாயிறு. வேலைக்குப் போகிறவர்களை வீட்டில் பார்க்கக்கூடிய பகல் பொழுது அந்த இரண்டு நாட்கள் மட்டுமே என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 14ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நோட்டீசுடன் நின்றபோதுதான் அது உறைத்தது. சின்னம் வருவதற்கு முன்னால் பெயரையும் முகத்தையும் மட்டும் காட்டி ஒரு சுற்று போய்விடுங்கள். சின்னம் கிடைத்ததும் முழு உழைப்பையும் அந்தச் சனி, ஞாயிறில் கொட்டுங்கள்.

அச்சகத்தில் சின்னத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு நோட்டீசின் வடிவமைப்பை முன்பே முடித்து வைத்தது எனக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தியது. நோட்டீசின் அடியில் அச்சிட்டவர் பெயர், முகவரி, பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். அச்சகத்துக்காரர் சிறிய எழுத்தில்கூடப் போட மறந்துவிடுவார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். பொது இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் சுவரெழுத்தையும் சுவரொட்டியையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். "எல்லோரும் ஒட்டுகிறார்களே" என்று சொல்லி ஒட்டித் தருவதாக ஒருவர் வந்தார். ஆயிரம் ஒட்டும் பெரிய வேட்பாளரின் பெயருக்கு முன்னால், பத்து ஒட்டிய சுயேச்சையின் பெயர் புகாரில் ஏறிவிடும் என்று எனக்குத் தோன்றியதால் அனுப்பிவிட்டேன்.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்கு வாகன அனுமதி தனி, மைக் அனுமதி தனி. முதலாவதற்கு ஆட்டோவின் பதிவுச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். பேசிவைத்திருந்த ஆட்டோவின் காப்பீடு காலாவதியாகியிருந்ததால் வேறு ஆட்டோ தேடினேன். இரண்டாவதற்காகக் காவல் நிலையத்தில் காத்திருந்த மதியங்களில், கட்சி வேட்பாளர்களின் சார்பில் வந்த வழக்கறிஞர்கள் கோப்பை நீட்டிவிட்டு இரண்டு நிமிடத்தில் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை நிறைவேற்ற ஆள் வைத்திருப்பவருக்கு அது ஒரு கையெழுத்து, ஆளில்லாதவருக்கு ஒரு பகல் பொழுது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அனுமதி கிடைத்ததும் அதன் அசலைக் கண்ணாடியில் ஒட்டி, நகல் ஒன்றை ஓட்டுநர் சட்டைப் பையிலும் இன்னொன்றை உங்கள் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. உரிய ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்து வைக்கும். அவ்வளவு பணம் என்னிடம் இல்லை என்றாலும், அச்சகத்துக்கும் ஆட்டோவுக்கும் வங்கி வழியாகவே கொடுத்தேன், அது பின்னால் கணக்கெழுதவும் உதவியது.

வீடு வீடாகப் போனபோது அதிகம் கேட்ட கேள்வி வடிகாலைப் பற்றியதல்ல. "உங்க வீட்டுக்காரர் எந்தக் கட்சிம்மா?" என்பதுதான். பெண்களுக்கான வார்டில் ஒரு பெண் நின்றால் பின்னால் ஓர் ஆண் இருக்க வேண்டும் என்று பெண்களே எதிர்பார்த்தார்கள். வேறு சில வேட்பாளர்களின் நோட்டீசுகளில் கணவரின் படம் மனைவியின் படத்தைவிடப் பெரிதாக இருந்ததைப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது புரியும். அடுத்தபடியாக வந்த கேள்வி, "மேயருக்கு யாரு நிக்கிறாங்க?" என்பது. 2011ஆம் ஆண்டு சென்னை மக்கள் மேயருக்கும் கவுன்சிலருக்கும் தனித்தனியாக வாக்களித்தார்கள். அப்போது சைதை துரைசாமி மேயரானார். 2019ஆம் ஆண்டு கொண்டுவந்த அவசரச் சட்டத்தால் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதன்படி 2022 மார்ச் 4ஆம் தேதி ஆர். பிரியா மேயரானார். மேயர் பதவி பட்டியல் வகுப்புப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வாக்குச் சீட்டு தங்கள் கையில் இல்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. விளக்கியதும், "அப்போ நாங்க போட்டு என்ன ஆகப் போகுது?" என்று ஒரு பெரியவர் சொன்னார். மேயருக்கான போட்டி கண்ணெதிரே இல்லாதபோது நகர மக்களின் ஆர்வம் பாதியாகிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். ஆகவே வார்டு வேட்பாளர், மேயரைத் தேர்ந்தெடுக்கும் இருநூறு பேரில் ஒருவரைத்தான் நீங்கள் அனுப்புகிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது பயன் தரும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் தனி உலகம். வாயிற்காவலர் உள்ளே விடமாட்டார். சங்கச் செயலாளரின் அனுமதி வேண்டும். செயலாளர் வெளியூரில் இருப்பார். அப்போது கொரோனாக் கட்டுப்பாடுகள் வேறு இருந்ததால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. உள்ளே குடியிருக்கும் ஒருவரையாவது முன்பே தெரிந்து வைத்திருந்து, அவருடைய விருந்தினராகப் போய், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கீழ்த்தளத்தில் பத்துப் பேரிடம் பேசுவது, வெளியே ஆட்டோவில் கத்துவதைவிட எவ்வளவோ மேல். ஆட்டோவுக்கு நான் கொடுத்த 24,000 ரூபாயில் பாதியை மிச்சப்படுத்தி, அந்தப் பணத்தில் பட்டியலைச் சரிபார்க்க இரண்டு கல்லூரி மாணவிகளை அமர்த்தியிருக்கலாம் என்பது என் இப்போதைய கணக்கு.

பட்டியல் என்று சொல்லும்போது கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாக்குப்பதிவு குறைவதன் ஒரு வேர் அதில்தான் இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் உள்ள பெயர்களை வார்டுவாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சித் தேர்தலுக்குப் பட்டியல் தயாராகிறது. எனவே முந்தைய ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்த பள்ளியிலேயே இந்த முறையும் பெயர் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறியிருக்கும். தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் எதிர்ப்பக்கம் இன்னொரு வார்டிலும் இருக்கும். இதற்கு மேல், உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாக்குச்சாவடிகள் உண்டு. வாக்குப்பதிவு நாளான 19ஆம் தேதி சனிக்கிழமை காலை, எங்கள் பகுதிப் பள்ளிக்கு ஒரு வயதான தம்பதியர் வந்தார்கள். கணவரின் பெயர் அங்கே இருந்தது. மனைவியின் பெயர் இரண்டு தெரு தள்ளி வேறொரு கட்டடத்தில் இருந்தது. முழங்கால் வலியோடு வந்திருந்த அந்த அம்மா, வாசல் படியில் உட்கார்ந்து பூத் சிலிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவர் போட்டா போதும்பா, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். ஆட்டோ பிடித்து நானே அழைத்துப் போகலாமே என்று தோன்றும். வாக்காளர்களை வேட்பாளர் தம் செலவில் வாக்குச்சாவடிக்கு ஏற்றிச் செல்வது தேர்தல் முறைகேட்டில் வரும். அந்த விதி எதற்காக இருக்கிறது என்று தெரியும், அது சரியான விதி என்றும் நினைக்கிறேன். ஆயினும் அந்த நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது பெரும் வேதனையாக இருந்தது.

அன்று சென்னையில் பதிவானது 43 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள்தாம். மாநிலம் முழுவதும் 60 சதவீதத்தைத் தாண்டியபோது, தலைநகரம் கடைசியில் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் இதே சென்னை 59 சதவீதம் அளவுக்கு வாக்களித்திருக்கிறது. எனவே சென்னைவாசி வாக்களிக்கவே மாட்டார் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர்கள் உள்ள ஒரு வார்டில் 43 சதவீதம் என்றால் பதிமூன்றாயிரம் வாக்குகள். அவற்றைப் பல முனைகளில் பிரித்தால், வெற்றி நாலாயிரம் ஐயாயிரத்திலேயே தீர்ந்துவிடக்கூடும். கட்சிகளுக்கு அந்த நாலாயிரம் பேரின் வீடு தெரியும். தெரியாத நமக்கு இருக்கும் ஒரே வழி, பட்டியலைக் கட்டணம் செலுத்தி முன்பே வாங்கி, தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டிலும் யார் பெயர் எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது அறையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவது. எனக்கு ஓரளவு வாக்கு விழுந்த நான்கு தெருக்களும் அப்படிச் சொல்லிவிட்டு வந்த தெருக்கள்தாம். வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் ஆதார், ஓட்டுநர் உரிமம், வருமான வரி அட்டை, புகைப்படம் உள்ள வங்கிப் புத்தகம் போன்றவற்றில் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அட்டை தொலைந்ததால் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைப் பின்னால் சந்தித்தேன்.

பூத் ஏஜென்ட் விஷயத்தில் தனி ஆளுக்கு வழியே இல்லை. எல்லாச் சாவடிக்கும் ஆள் போட என்னால் முடியவில்லை. உறவினர்களும் தோழிகளுமாகச் சிலரைத்தான் உட்காரவைத்தேன். காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர்கள் போய்ச் சேர வேண்டும், எனவே நியமனப் படிவங்களை முந்தைய நாள் இரவே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்கக் கூடாது. கழுத்தில் துண்டு, சட்டையில் சின்னம் எதுவும் அணிந்து உள்ளே போகக் கூடாது. கவலைப்பட்டு எல்லாச் சாவடிக்கும் ஓடாமல், உங்களுக்கு வாக்கு இருக்கும் தெருக்களின் சாவடிகளுக்கு மட்டும் நல்ல ஆட்களைப் போடுவது போதும் என்பது என் கருத்து. முந்தைய இரவு பணம் கொடுக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு அடிபட்டது. "நீ என்னம்மா குடுப்ப?" என்று என்னிடமே சிரித்துக்கொண்டு கேட்ட பாட்டியும் உண்டு. தொலைபேசியில் புகார் சொன்னேன். இடம், நேரம், படம் என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது பேச்சு மட்டும்தான். 22ஆம் தேதி எண்ணிக்கை முற்பகலிலேயே முடிந்துவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

தோற்ற பிறகுதான் பலர் கைவிடும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர்களை மாநிலத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குப் போட்டியிடத் தகுதியற்றவர்களாக அறிவிக்கலாம். ஒரு வாக்கு வாங்கினாலும் இது பொருந்தும். சென்னை வார்டு வேட்பாளருக்கு அப்போதிருந்த செலவு வரம்பு 90,000 ரூபாய். டெபாசிட் நீங்கலாக நான் செலவழித்தது ஏறத்தாழ 71,000: ஆட்டோவுக்கும் மைக்குக்கும் 24,000, அச்சுக்கு 21,000, உடன் வந்தவர்களின் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் 14,000, மற்றது பட்டியல், நகல், நோட்டரி, முகவர்களுக்கான செலவு. சம்பளமில்லாத விடுப்பில் போன ஒரு மாத ஊதியம் இதில் சேராது. கணக்கெழுதுவதே தொழிலாக உள்ள எனக்கே தேநீர்க் கடைச் செலவுக்கு ரசீது கிடைக்காமல் திண்டாட்டமாக இருந்தது. தினமும் இரவு ஒரு வவுச்சரில் தேதி, தொகை, எதற்கு என்று எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவைத்தால் அந்தச் சிக்கல் வராது. நண்பர் இலவசமாக ஓட்டித் தந்த வண்டியின் பெட்ரோல், தோழி தன் செலவில் அடித்துத் தந்த நோட்டீசு ஆகியவற்றையும் மதிப்பிட்டு எழுதினேன்.

கணக்கைக் கொடுக்கப் போன அன்று, வாங்கிக்கொண்ட ஊழியர் "சரி மேடம், நீங்க கிளம்பலாம்" என்றார். ஒப்புகைச் சீட்டு வேண்டும் என்று கேட்டு, அவர் முத்திரை தேடிக் கொண்டுவரும் வரை உட்கார்ந்திருந்தேன். என்னைப் போலவே தோற்ற இன்னொரு சுயேச்சை வேட்பாளருக்குச் சில மாதங்கள் கழித்து, கணக்கு வரவில்லை என்று நோட்டீஸ் வந்தது. கொடுத்ததாக அவர் சொல்கிறார். காட்டுவதற்குத் தாள் இல்லை. கணக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, அந்த நகலின் முதல் பக்கத்திலேயே தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.